மெலிஞ்சிமுனைக்கு வள்ளம் ஏற்றிப் போன சுஜிதன்

சுஜிதன் லொறி ஓட்டப் போகிறான் என்று வேலணையில் கதை பரவிய கிழமை, அவனுடைய தாயான அம்பிகை ஊர்க் கோயிலுக்குப் போகவில்லை. போனால் யாராவது கேட்பார்கள். கேட்டால் என்ன சொல்வது? மூத்தவன் பிரவீனன் பிரான்சில் இருக்கிறான். தகப்பன் பரராசசிங்கம் பிரதேச செயலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளையவனும் எங்காவது ஒரு கந்தோரில் மேசை கதிரையோடு இருப்பான் என்றுதான் அவள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

சுஜிதன் கந்தோருக்கு விண்ணப்பம் போடாமல் இல்லை. இரண்டு தரம் போட்டான், இரண்டு தரமும் பதிலே வரவில்லை. சும்மா இருக்க வேண்டாம் என்று பதுளையில் இருந்த தாய்மாமனின் பலசரக்குக் கடைக்கு அனுப்பினார்கள். அங்கே மூன்று வருடம் நின்றான். கடைக்குள் இருப்பதைவிட, கொழும்பிலிருந்து சாமான் லொறி வரும்போது வெளியே நிற்பதுதான் அவனுக்குப் பிடித்தது. அந்த ஒடுங்கின மலைத் தெருவில் அவ்வளவு பெரிய வாகனத்தைப் பின்பக்கமாக எடுத்துக் கடை வாசலோடு ஒட்டி நிறுத்துகிறார்களே என்று பார்த்துக்கொண்டே நிற்பான். ஊருக்குத் திரும்பி வந்தபோது அவனுக்கு இருபத்துமூன்று வயது. சட்டைப் பையில், பதுளையிலேயே பழகி எடுத்த கனரக வாகன அனுமதிப்பத்திரம் இருந்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

வங்களாவடிச் சந்தியில் மனோகரி என்றொரு பெண் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தாள். புருசன் லண்டனுக்குப் போன பிறகு கடையையும் இரண்டு லொறிகளையும் அவள்தான் பார்த்தாள். அதில் ஒன்றுக்குப் பக்கப் பலகையே கிடையாது. வெறும் தட்டையான இரும்புத் தளம் மட்டும். கம்பி, மின்கம்பம், தண்ணீர்த் தாங்கி, நீட்டுக் குழாய் எல்லாம் அதில்தான் போகும். ஊரில் அதை மொட்டை லொறி என்றார்கள். சாமானைப் பிடித்து வைக்க அதில் எதுவும் இல்லாததால், ஓட்டுகிறவன் கட்டுகிற கட்டில்தான் எல்லாம் இருந்தது.

வேலை கேட்டுப் போனவனிடம் மனோகரி சாவியை நீட்டி, லொறியைப் பின்னால் எடுத்துக் கடை முற்றத்துக்குள் விடச் சொன்னாள். சுஜிதன் விட்டு முடிக்கக் கால் மணித்தியாலம் ஆயிற்று. இடையில் மூன்று தரம் இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்தான். முடிந்து இறங்கியபோது அவனுடைய முதுகு நனைந்திருந்தது.

"மூண்டு தரம் இறங்கிப் பாத்தீர்," என்றாள் மனோகரி.

"ஓம் அக்கா."

"இறங்காமல் மதிலை இடிச்ச ரெண்டு பேரை இந்த வருசம் அனுப்பிப்போட்டன். நாளைக்கு விடிய வாரும்."

முதல் கிழமை ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. இரண்டாம் கிழமை அல்லைப்பிட்டிக்குக் கிட்ட ஒரு மாடு திடீரென்று றோட்டுக்குக் குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினான். லொறி நின்றது, பின்னால் இருந்த பிளாஸ்டிக் குழாய்கள் நிற்கவில்லை. கட்டுக்குள்ளே நழுவி முன்னே வந்து, அவனுடைய தலைக்குப் பின்னால் இருந்த கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தன. ஒரு குழாய் அவனுடைய காதோரமாகப் போய் முன்கண்ணாடிக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. கழுத்துக்குள் கண்ணாடித் துகள். மாடு ஒன்றும் நடவாததுபோல் அந்தப் பக்கம் போய்ப் புல் மேய்ந்தது. சுஜிதன் இறங்கி றோட்டுக் கரையில் குந்தி இருந்தான்.

குழாய்கள் வழுக்கும், அவற்றைச் சுற்றிவர மட்டுமல்ல, முன்னுக்கும் மறித்துக் கட்ட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு விளங்கிற்று. ஒருவர் சொல்லித் தந்திருந்தாலும் இவ்வளவு விளங்கியிருக்காது.

அதற்குப் பிறகு அவன் ஓடியதைவிட நிறுத்தியதுதான் கூட. கடையை விட்டு வெளிக்கிட்டு ஒரு மைல் போனதும் நிறுத்தி, இறங்கி, ஒவ்வொரு கட்டையும் இழுத்துப் பார்ப்பான். பாலத்துக்கு முன் ஒரு தரம், பாலத்துக்குப் பின் ஒரு தரம். வீடு கட்டுகிற மேசன்மார் கம்பிக்குக் காத்திருந்து அலுத்துப்போய் மனோகரிக்குப் போன் அடித்தார்கள். "உன்ரை டிரைவர் வாறானா, நடந்து வாறானா?" என்று ஒருவர் கேட்டார். மனோகரி அதை அப்படியே அவனிடம் சொல்லுவாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். மறுநாளும் அதே இடங்களில் நிறுத்துவான்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வள்ளம் ஏற்றும் ஓட்டம் வந்தது. மெலிஞ்சிமுனையைச் சேர்ந்த எமிலியானுஸ் என்ற கடற்தொழிலாளி புது பைபர் வள்ளம் ஒன்று செய்வித்திருந்தார். பட்டறை யாழ்ப்பாணப் பக்கம். பதிவு இலக்கம் கிடைக்காத வள்ளத்தைக் கடலில் ஓட்டிக்கொண்டு வர ஏலாது என்றபடியால், கடலுக்குச் செய்த சாமான் றோட்டால் வரவேண்டியிருந்தது. பின்னேரம் நாலு மணிக்குத் தேவாலயத்துச் சுவாமி வந்து வள்ளத்தை ஆசீர்வதிப்பதாக ஏற்பாடு.

சுஜிதன் வள்ளம் ஏற்றியதில்லை. தளத்தில் பழைய ரயர்களைப் போட்டு, அவற்றின் மேல் வள்ளத்தை இருத்தி, நாலு பெல்ற் பட்டி போட்டு இறுக்கினான். வள்ளத்தின் பின்பாகம் தளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதில் சிவப்புத் துணி கட்டினான். எமிலியானுஸ் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். ஏறினாரே தவிர இருக்கவில்லை. அரை உடம்பை யன்னலுக்கு வெளியே விட்டு, திரும்பி வள்ளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பண்ணைப் பாலத்தில் ஏறியதும் சோளகக் காற்று பிடித்தது. இரண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு ஒரு மரம் இல்லை. காற்று இடது பக்கத்தால் வந்து வள்ளத்துக்குள் புகுந்து அதைத் தூக்கப் பார்த்தது. சுஜிதனுக்கு அது கையில் தெரிந்தது. ஸ்ரேறிங் தன் பாட்டில் ஒரு பக்கம் போய்வந்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு முனகல் சத்தம். லொறியைக் கரையோடு நிறுத்தினான்.

இறங்கிப் பார்த்தால், பின் பெல்ற் தளத்தின் இரும்பு விளிம்பில் தேய்ந்து பாதி அறுந்திருந்தது. வள்ளம் அசைய அசைய நார் நாராகப் பிரிந்துகொண்டிருந்தது. ஒரு சாக்கை மடித்து விளிம்பில் வைத்துக் கட்டியிருந்தால் இப்படி வந்திராது. அது அவனுடைய பிழை. மேலதிகமாக ஒரு பெல்ற் இருந்தது. அதைச் சாக்கு வைத்துக் கட்டினான். ஆனாலும் வள்ளம் காற்றுக்கு ஆடிக்கொண்டுதான் நின்றது.

"கட்டியாச்சுத்தானே? எடும்," என்றார் எமிலியானுஸ்.

"ஏலாது அண்ணை. காத்து விழட்டும்."

"காத்து விழவோ? இது ஆடி மாசம் தம்பி. பொழுதுபட்டால்தான் விழும். அங்கை சுவாமி வந்து நிக்கப்போறார்!"

"வள்ளம் கடலுக்கை விழுந்தால் சுவாமி எதை ஆசீர்வதிக்கிறது?"

எமிலியானுஸ் கோபத்தில் லொறிக் கதவை அறைந்து சாத்தினார். மனோகரிக்கு அடித்தார். மனோகரி சுஜிதனுக்கு அடித்தாள்.

"அடுத்த ஓட்டத்துக்குச் சரவணையிலை ஆக்கள் பாத்துக்கொண்டிருக்கினம். மெல்லமா ஊர்ந்து வரேலாதே?"

"ஏலாது அக்கா."

"நீர் பயப்பிடுறீர்."

"ஓம் அக்கா, பயம்தான். ஆனால் பெல்ற் அறுந்ததும் உண்மை. என்ரை பிழை. நான் எடுக்க மாட்டன்."

மனோகரி போனை வைத்துவிட்டாள். வேலை போய்விட்டது என்றுதான் அவன் நினைத்தான்.

குறிகட்டுவானுக்குப் போகிற பஸ் ஒன்று ஒதுங்கிப் போனபோது நடத்துனர் வெளியே எட்டி, "தம்பி, உது தண்ணியிலை ஓடுற சாமான்!" என்று கத்தினார். பஸ் முழுக்கச் சிரிப்பு. சுஜிதன் சிரிக்கவில்லை. எமிலியானுஸை அழைத்துப் போய் அறுந்த பெல்ற்றைக் கையில் கொடுத்தான். கயிற்றோடு வாழ்கிற மனிதர் அவர். நாரை விரலால் தடவிப் பார்த்தார். வள்ளத்தை அண்ணாந்து பார்த்தார். போய் லொறியின் நிழலில் குந்தி, சுவாமிக்குப் போன் எடுத்தார்.

அரை மணித்தியாலத்தில் ஒரு ஓட்டோ வந்தது. சுவாமி இறங்கினார். பின்னால் எமிலியானுஸின் மனைவி பிலோமினம்மா, பெரிய வாளியில் பலகாரத்தோடு. "வள்ளம் வராட்டில் நாங்கள் வாறம்," என்றாள் அவள். சுவாமி அங்கியைக் காற்றுக்குப் பிடித்துக்கொண்டு, றோட்டுக் கரையில் நின்றபடியே செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். தெளித்ததில் பாதி காற்றோடு போய்ச் சுஜிதனின் முகத்தில் பட்டது. பிறகு எல்லாரும் லொறி மறைப்பில் இருந்து பலகாரம் சாப்பிட்டார்கள். எமிலியானுஸ் மட்டும் அவனோடு பேசவில்லை.

ஆறரைக்குக் காற்று தணிந்தது. நடக்கிற வேகத்தில் பாலத்தைக் கடந்து மெலிஞ்சிமுனை போய்ச் சேர்ந்தான். வள்ளத்தை இறக்கியபோது, பெல்ற் உரசிய இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நிறம் போயிருந்ததை அவனே காட்டினான்.

"அது பூசலாம்," என்றார் எமிலியானுஸ். அதுதான் பாலத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை.

சரவணை ஊர்க்காரர் வேறு லொறி பிடித்துவிட்டார்கள். பிறகு அந்தக் கடைப் பக்கமே வரவில்லை. மனோகரி நாலு நாள் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் ஆறு புதுப் பெல்ற்றும் ஒரு கட்டுப் பழைய சாக்கும் லொறிக்குள் கிடந்தன. யார் போட்டது என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் எமிலியானுஸின் மச்சான் பிலிப்பு தன்னுடைய வள்ளத்தை ஏற்றக் கேட்டு வந்தான். "அந்த நிப்பாட்டி நிப்பாட்டிப் போற பெடியன் வந்தால் தாறன்," என்றான். மனோகரி நாளைக் குறித்துக்கொண்டு, "விடிய வெள்ளன ஏத்துவம். பத்து மணிக்குப் பிறகு காத்து," என்றாள்.

இப்போது அவன் லொறி ஓடத் தொடங்கி இரண்டு வருடம். நெடுந்தீவுக்குப் போகிற தண்ணீர்த் தாங்கிகளைக் குறிகட்டுவான் இறங்குதுறைவரை கொண்டுபோய்க் கொடுக்கிறான். பிரவீனன் பிரான்சிலிருந்து அடிக்கடி, வா வா என்கிறான். யோசிப்பம் என்று சுஜிதன் சொல்லி வைக்கிறான்.

போன தையில் அம்பிகை யாழ்ப்பாணத்தில் ஒரு அலுமாரி வாங்கினாள். ஏற்றி வர மகனின் லொறிதான் போயிற்று. அவன் சாக்கை மடித்து அலுமாரி மூலைகளில் வைத்துக் கட்டுவதை, கடை வாசலில் நின்று பார்த்தாள். தெரிந்த மனுசி ஒருத்தி வந்து, "ஆர், உம்மடை மகனே? என்ன செய்யிறார்?" என்று கேட்டாள்.

"லொறி ஓடுறான்," என்றாள் அம்பிகை. பிறகு முன்பக்கம் போய், படி உயரமாக இருக்கிறதே என்று முறைப்பட்டுக்கொண்டு, அவன் கையைப் பிடித்து ஏறினாள்.