கனகவேல் அத்தான் கேட்டுக் கேட்டு வாங்கிய சைலன்சர்

கனகவேல் அத்தான் இறந்துவிட்டார் என்று போனில் சொன்னவரை நான் நம்பவில்லை. சிவகாசியில் என் அச்சகத்தில் மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் சத்தத்துக்கு நடுவே, "ஒங்க அத்தான் போயிட்டாகளாம்" என்று ஒரு குரல். "யாரு பாத்தது?" என்று கேட்டேன். "எல்லாரும் சொல்லுதாக" என்றது குரல். எல்லாரும் சொல்கிறார்கள் என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். போனை வைத்துவிட்டேன். அடுத்து வந்த போனையும் நம்பவில்லை. அதன் பிறகு அக்கா மகள் பேசினாள். "மாமா, அப்பா கைய நாந்தான் புடிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றாள். அப்போதுதான் மெஷினை நிறுத்தச் சொன்னேன். விருதுநகருக்கு லோடு இறக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரியில் கண் மூடிவிட்டார்.

இந்த 'யாரு பாத்தது' எனக்கு அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. "மொத போன்ல வர்றது சேதி இல்லலே, பயம். ரெண்டாவது போன்ல வர்றது மொத போனக் கேட்டவன் பயம்" என்பார். பட்டாசு ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவரோடு வண்டி ஓட்டியவர்களும், ஃபேக்டரி கேட்டில் அவருக்காகக் காத்து நின்றவர்களும், அவரிடம் திட்டு வாங்கிய லோடுமேன்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். சொந்தக்காரன் என்பதால் கூட்டிச் சொல்கிறேனோ என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால் அதுவும் நல்லதுதான். அவர் சந்தோஷப்படுவார்.

ஆமத்தூரில் ரோட்டோரத்தில் வீடு. சொந்தமாக ஒரு வெள்ளைப் பிக்கப். எம். புதுப்பட்டிப் பக்கத்து ஃபேக்டரிகளுக்குக் காலி அட்டைப்பெட்டி, காகிதக் குழாய், எங்கள் அச்சகத்து லேபிள் என்று லோடு அடித்துக்கொண்டிருந்தார். லோடுமேன் கயிறு கட்டி முடித்ததும் அத்தனையையும் அவிழ்த்து மறுபடி கட்டுவார். "என் கட்டு மேல அம்புட்டுச் சந்தேகமாண்ணே?" என்று ஒருத்தர் ரோஷப்பட்டபோது, "ஒன் கட்டு மேல இல்லப்பா, கயித்து மேல" என்றார். மனிதர்களைச் சந்தேகப்பட்டால் மனம் நோகும் என்று பழியை எப்போதும் சாமான் மேல் போட்டுவிடுவது அவர் வழக்கம். நாங்கள் அவரைச் 'சந்தேகக் கனகவேல்' என்று கூப்பிட்டதும் அவருக்குத் தெரியும்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றே அந்தக் குணத்தைக் காட்டிவிட்டார். காப்பி குடித்தாயிற்று, பெரியவர்கள் நாள் குறிக்கும் பேச்சுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் டம்ளரைக் கீழே வைக்காமல், "பொண்ணுக்குச் சம்மதம்னு நீங்க சொல்லுதீக. அது சொல்லலையே?" என்றார். எங்கள் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து, "சம்மதந்தான்" என்றாள். "யாரும் சொல்லச் சொல்லி சொல்லுதீகளா?" என்று அடுத்த கேள்வி. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அதற்குப் பிறகே டம்ளரைக் கீழே வைத்தார். சந்தேகப்படுகிறவனோடு எப்படிக் குடும்பம் நடத்துவாள் என்று சொந்தபந்தம் கவலைப்பட்டது. எனக்கும் கவலைதான். ஆனால் பெண் பார்க்க வந்த அத்தனை மாப்பிள்ளைகளில் அவளிடமே சம்மதம் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஃபேக்டரி கேட்டில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டி, பீடியோடு சேர்ந்த சாமான் அது. வண்டியோடு உள்ளே போனவர் வெளியே வரும் வரை அவர் வீட்டுக்கு எந்தத் தகவலும் கிடையாது. ஒரு நாள் மத்தியானம் மேற்கே தும்மென்று கேட்டு ஆமத்தூர் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. எந்த ஃபேக்டரி என்று ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். அத்தான் உள்ளே போயிருந்த ஃபேக்டரியின் பேரும் அதில் இருந்தது. அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, ஃபேக்டரி கேட் அறையின் மரப்பெட்டிக்குள்ளே. நான் பைக்கை எடுத்துக்கொண்டு போனபோது அக்கா ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடுவாள். வருகிறது வெள்ளைப் பிக்கப்பாகத்தான் இருக்கும். வேறு யாராவது ஓட்டி வருவார்கள். திரும்பி வந்து நிற்பாள். மறுபடி சத்தம், மறுபடி ஓட்டம். சாயங்காலம் வரை என் கண் முன்னால் இதே நடந்தது.

பொழுது இறங்கும் நேரத்தில் அவர் வந்து சேர்ந்தார். வெடித்தது வேறு ஃபேக்டரி. தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழி விடச் சொல்லி ரோட்டை மறித்துவிட்டார்களாம். அன்று வேறு வீடுகளில் ஆள் போனது. நம் வீட்டுக்கு வண்டி வந்தது என்று சந்தோஷப்படக்கூட மனம் வரவில்லை. அக்கா அழவில்லை. "எல்லா வண்டியும் ஒரே சத்தமா வருது. நான் எத நம்ப?" என்று மட்டும் கேட்டாள். எதற்கும் எதிர்க் கேள்வி வைத்திருக்கும் மனிதர், அன்றைக்குத் தலையைக் குனிந்தபடி கால் கழுவப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து அச்சகத்துக்கு வந்து, "வா மாப்ளே, விருதுநகர் வரைக்கும் போயிட்டு வருவோம். சைலன்சர் மாத்தணும்" என்றார். வண்டியில் இருந்த கம்பெனி சைலன்சர் நன்றாகத்தான் இருந்தது. ஓட்டை கிடையாது, துரு கிடையாது. ஒரு ஸ்குரூ வாங்கவே ஊரைச் சுற்றுகிற மனிதர் நல்ல சைலன்சரைக் கழற்றுவானேன்? "என்னத்தான், வயசான காலத்துல மைனராகப் போறீகளா?" என்று கேலியாகக் கேட்டேன். அவர் வண்டியைப் பார்த்து நடந்தார். எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அக்கா தம்பி இல்லையா? 'இதோ வருகிறேன்' என்று தூரத்திலிருந்தே சத்தம் கொடுத்து இவர் எந்த வீட்டுக்காரிக்குத் தெரிவிக்கப் போகிறார் என்ற எண்ணம் உள்ளே ஓடியது. அதனாலேயே கூடப் போனேன்.

முதல் கடைக்காரர் செல்போனில் வீடியோ போட்டுச் சத்தம் காட்டினார். "போன்ல கோயில் மணியும் நல்லாருக்கும், ஓட்டச் சட்டியும் நல்லாருக்கும்" என்று அத்தான் வெளியே வந்துவிட்டார். அடுத்த கடையில் ஒரு நீள உருளையைத் தட்டிப் பார்த்து, "உள்ள என்ன வச்சிருக்கீக?" என்றார்.

"கண்ணாடிப் பஞ்சு அண்ணாச்சி. சத்தத்த அமுக்கிக் குடுக்கும்."

"பஞ்சு தீஞ்சு போனா?"

"அது நாளாகும். அப்பக் கொஞ்சம் சத்தம் ஏறும்."

"அப்ப இன்னைக்கு ஒரு சத்தம், தீவாளிக்கு ஒரு சத்தமா? எனக்கு என்னைக்கும் ஒரே சத்தம் வேணும்."

கடைக்காரர் உள்ளே தடுப்பு அறைகள் வைத்த வேறு சில சைலன்சர்களை எடுத்துப் போட்டார். பஞ்சு இல்லாததால் அவற்றின் சத்தம் அவ்வளவாக மாறாது என்றார். அதில் ஒன்றை வண்டியில் வைத்து முடுக்கிக் காட்டியபோது தெருவே திரும்பிப் பார்த்தது. அத்தான் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "உள்ள மருந்து அடைக்கிற பொம்பளைக இருக்காக. டப்புன்னு ஒண்ணு கேட்டா கையில இருக்கத அப்படியே போட்டுட்டு ஓடுவாக. போடுறதுதான் ஆபத்து" என்றார். பொறி பறக்காமல் இருக்கச் சைலன்சர் வாயில் மாட்டும் கம்பிவலைக் கூடும் இதில் சரியாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "சத்தம் தனியாத் தெரியணும், ஆனா பெருசா இருக்கக் கூடாது. வெடி மாதிரியும் இருக்கக் கூடாது. அண்ணாச்சி, நீங்க சைலன்சர் பாக்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?" என்றார். "பொண்ணு பாக்கும்போது இம்புட்டுக் கேக்கல" என்றார் அத்தான். அது பொய் என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என் சந்தேகத்தை உச்சிக்குக் கொண்டுபோனது. பிடிக்காததைத் திருப்பித் தருவதாகக் கடைக்காரரிடம் பேசி ஒவ்வொரு சைலன்சராக மாட்டிக்கொண்டு வருவார், நான் அந்த நேரத்தில் போய் அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். "அக்காட்ட ஒண்ணும் சொல்லாத. வண்டி வரும்போது அவ மூஞ்சிய மட்டும் பாரு" என்றார். என் அக்காவை நானே வேவு பார்க்க வேண்டும்! வந்தவன் போகாமல் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளுக்கும் சந்தேகம். காப்பி வேறு போட்டுக் கொடுத்தாள்.

முதல் சைலன்சரோடு அவர் வந்தார். அக்கா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலைகூட நிமிரவில்லை. ஏதோ ஒரு வண்டி போகிறது, அவ்வளவுதான். அவர் வீட்டுக்குள் வந்து என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். இரண்டாவது சைலன்சர் ரோட்டுத் திருப்பத்தில் கியர் மாற்றும்போது தும்மென்று ஓர் அடி அடித்தது. அக்கா கத்தியோடு எழுந்து வாசலுக்கு ஓடினாள். அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. புகை தெரிகிறதா என்று மேற்கே வானத்தைப் பார்த்தாள். 'நான் எத நம்ப?' என்று அவள் கேட்டதற்குப் பதில் தேடித்தான் அத்தான் இந்தச் சுற்று சுற்றுகிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அத்தான் வண்டியிலிருந்தபடியே அவளைப் பார்த்துவிட்டார். அன்றைக்கே அதைக் கழற்றிப் போட்டார்.

மூன்றாவது, மோர் கடைகிற மாதிரி ஒரு சத்தம். பெரிதாக இல்லை, ஆனால் வேறு எந்த வண்டியிலும் அது இல்லை. முதல் நாள் அக்கா, "இது யாரு வண்டி புதுசா?" என்றாள். அவர் இறங்குவதைப் பார்த்ததும் மறுபடி வேலையைப் பார்த்தாள். அடுத்து நான் போயிருந்தபோது, என் காதில் விழுவதற்கு முன்னாலேயே அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டாள். "ஒங்க அத்தான் திருப்பத்துக்கு வந்துட்டாக" என்றாள். முகத்தில் அந்த மத்தியானத்து ஓட்டம் இல்லை.

வெளியே வந்து, "நான் வேற என்னென்னமோ நெனச்சேன் அத்தான்" என்றேன். "நெனச்சிருப்பன்னு தெரியும். நெனைக்கலேன்னாத்தான் ஒன் மேல எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். அக்காகூடப் பொறந்தவன் வேற எப்படி இருப்பான்?" என்றார். அதோடு விடவில்லை. அதே சைலன்சரை ஆமத்தூர் ரோட்டில் ஓடும் எந்த வண்டிக்கும் மாட்டக் கூடாது என்று கடைக்காரரிடம் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தையும் நம்பாமல், விருதுநகர் போகும்போதெல்லாம் கடை வாசலில் நிற்கிற வண்டிகளைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தார். அக்காவிடம் கடைசி வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவள் வேண்டுமென்றே காது கொடுப்பாள், தானாகக் காதில் விழுவதுதான் நம்பத் தகுந்தது என்பது அவர் கட்சி.

சுடுகாட்டில் சாம்பல் அள்ளிக் காடாற்றி முடிந்த பிறகு, விருதுநகரில் லோடு இறக்கிய இடத்திலேயே நின்றுபோன வண்டியை எடுத்துவர நான் போனேன். வீட்டில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தார்கள். காரியம் முடியும் வரை வாசலுக்கு வரக் கூடாது என்று அக்காவை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். நான் யோசிக்காமல் வழக்கமான திருப்பத்தில் வண்டியைத் திருப்பினேன். வீட்டுக்கு முன்னால் நிறுத்தும்போது அக்கா வாசலில் நின்றாள். பின்னால் பெண்கள், "எங்கன போற, எங்கன போற" என்று சத்தம் போட்டார்கள். அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்தவள் அவள். அவர் இனி வரமாட்டார் என்று தெரியாமல் எழுந்து வரவில்லை. டிரைவர் சீட்டில் இருந்த என்னைப் பார்த்தாள்.

"நீ ஏம்லே இந்தச் சத்தத்துல வர்றே?" என்றாள்.

ஸ்டியரிங் மேல் தலையை வைத்து அழுதேன். மறுநாளே கம்பெனி சைலன்சர் ஒன்றை வாங்கி மாட்டச் சொன்னேன். இப்போது வண்டியை வேறு டிரைவர் ஓட்டுகிறார். எல்லா வண்டியையும் போல அதுவும் ஆமத்தூர் வீட்டைத் தாண்டிப் போகிறது. அக்கா நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கழற்றிய சைலன்சரை அச்சகத்தில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அத்தானிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுவும், அவருடைய சந்தேகமும்தான். பழைய இரும்புக்காரர் வந்து விலை கேட்டார். உடைத்துத்தான் உருக்கப் போகிறேன் என்றார். அவர் பேச்சை நான் நம்பவில்லை. அவரிடமிருந்து யாராவது வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு அந்தத் திருப்பத்தில் வந்தால், அக்கா எழுந்து தோசைக்கல்லைப் போடுவாள்.