இருபத்திரெண்டு மணி நேரமும் போட்டிருந்தேன்

பல்லு நேராக்கற வேலையில நான் மொதல்ல கத்துக்கிட்டது இதுதான்: பல்லு பொய் சொல்லாது, பல்லுக்கு சொந்தக்காரங்கதான் சொல்வாங்க.

நான் டெண்டல் அசிஸ்டென்ட் படிக்கறேன். சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்துல, ஸ்கூடாய்ல ஒரு கிளினிக்ல ஆறு மாசம் டிரெய்னிங். முடியறப்ப டாக்டரம்மா என் லாக் புக்ல கையெழுத்து போடணும். போடலன்னா டிப்ளமா இல்ல, ஆறு மாசமும் மறுபடி மொதல்லேர்ந்து.

இங்க கம்பி கட்டறத விட அலைனர்தான் அதிகம். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டிரே. நம்பர் போட்ட பாக்கெட்ல வரும். ரெண்டு வாரத்துக்கு ஒரு நம்பர், வரிசை மாறக்கூடாது. ஒரு நாளைக்கு இருபத்திரெண்டு மணி நேரம் வாயில இருக்கணும். சாப்பிட, பல்லு விளக்க மட்டும் கழட்டலாம். பாக்கெட் எடுத்துக் குடுத்துட்டு "ஒழுங்கா போட்டீங்களா?"ன்னு கேக்கறது என் வேலை. "போட்டேன்"னு சொல்றது அவங்க வேலை. கவுண்டருக்குப் பின்னால நின்னு சிரிச்சே ஆகணும்னு மாட்டிக்கிட்ட என் சக பாவப்பட்டவங்களே, உங்களுக்குத்தான் சொல்றேன்.

இலைய மடிச்சவரு

பிரகாஷ் அண்ணனுக்கு சிங்கப்பூர்ல வேலை. ஒரு திங்கக்கிழமை லீவு போட்டு வந்து நின்னாரு. வாயத் திறந்தா மேல் டிரே இருக்கு, கீழ் டிரே இல்ல. தொலைஞ்சு போச்சாம். எங்கன்னு கேட்டா சீலிங்கப் பாக்கறாரு. விடுவேனா? நோண்டி நோண்டி கேட்டதுல வந்துச்சு. அவரோட அண்ணனுக்கு கல்யாணம், வாழை இலை சாப்பாடு. டிரேய கழட்டி டிஷ்யூல சுத்தி இலை ஓரத்துல வெச்சிருக்காரு. சாப்பிட்டு முடிச்சு இலைய மடிச்சாரு, எந்திரிச்சு கை கழுவ போயிட்டாரு. திரும்பி வந்தா மேசை காலி. பின்கட்டுல குப்பை பையெல்லாம் பிரிச்சு, முன்னூறு இலைய விரிச்சுப் பாத்திருக்காரு.

"டிரே வைக்க டப்பா குடுத்தோமே, அது எதுக்கு? மிட்டாய் போட்டு வைக்கவா? இலைய மடிக்கறதுக்கு முன்ன ஒரு தடவ பாக்கக்கூடாதா?"ன்னு எகிறுனேன். அவரு எனக்குப் புரியவைக்கற மாதிரி நிதானமா சொன்னாரு: "இலைய மடிக்காம எந்திரிச்சா சம்பந்தி வீட்டுல சண்டை வரும், தங்கச்சி. பல்லு கோணலா இருந்தா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க."

மஞ்சள் டிரே

செல்வநாதன் அங்கிள் பேங்க்ல பெரிய ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அறுபது வயசுல பல்லு நேராக்க வந்தாரேன்னு எனக்கு மரியாதைதான். ஒரு சனிக்கிழமை அவரு டிரேய கழட்டி என் கையில வைக்கற வரைக்கும். கண்ணாடி மாதிரி குடுத்தது மஞ்சளா, ஓரமெல்லாம் சுருண்டு இருந்துச்சு. "வெறும் தண்ணிதான் குடிக்கறேன்"னாரு.

அன்னிக்கு கிளினிக் நெறஞ்சு கெடக்கு. மெர்சிங்லேர்ந்து வர்ற ஜெயந்தி அக்கா அவங்க பாக்கெட்டுக்காக நிக்கறாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு. அவங்க பேருல பாக்கெட்டெல்லாம் அடுக்கி வெச்சிருக்கற டப்பாவத் திறந்து ரெண்டு பாக்கெட்ட எடுத்து நீட்டிக்கிட்டே நான் அங்கிள் பக்கம் திரும்பி, "எந்த பைப்புல அங்கிள் தே தாரிக் டீ கலர்ல தண்ணி வருது? எங்க தாமான் வீடுங்களுக்கும் அந்த கனெக்‌ஷன் குடுக்க சொல்லுங்களேன்"னேன். சுத்தி இருந்தவங்க சிரிச்சிட்டாங்க. அங்கிள் சிரிக்கல. நேரா டாக்டரம்மா ரூமுக்குள்ள போனாரு.

அவரு வெளிய வந்ததும் என்னைய கூப்பிட்டாங்க. மேசை மேல என் லாக் புக். டாக்டரம்மா கத்தல. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். "இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சுன்னா, இந்த புக்குக்காக நான் பேனாவத் தொடமாட்டேன்."

கைய வெச்சு மறைக்கறவங்க

ஜெயந்தி அக்காவுக்கு மெர்சிங் படகுத்துறையில தீவுக்குப் போற போட்டுக்கு டிக்கெட் விக்கற வேலை. நாள் முழுக்க ஆளுங்ககிட்ட பேசணும். பேசறப்பெல்லாம் இடது கையால வாய மறைச்சுக்குவாங்க. பழகிப்போச்சு. அந்தக் கை கீழ இறங்கணும், அதுக்குத்தான் ரெண்டரை மணி நேரம் பஸ் ஏறி வர்றாங்க.

நான் சொன்ன சனிக்கிழமைக்கு ரெண்டு வாரம் கழிச்சு, அப்பாய்ன்ட்மென்ட் இல்லாம வந்தாங்க. கன்னத்தப் பிடிச்சிருந்தாங்க. அன்னிக்கு வாங்குனதுல மொத பாக்கெட் போட்டதுலேர்ந்து ஒரே வலி, ரெண்டாவது ஏறவே இல்லன்னாங்க. பாத்தேன். டிரேவுக்கும் பல்லுக்கும் நடுவுல அரிசி போற அளவுக்கு சந்து. போடாம கழட்டி வெச்சா இப்படித்தான் ஆகும். எத்தனை பேரப் பாத்துட்டேன்!

"போட்டீங்களா இல்லையா, அக்கா? உண்மைய சொல்லுங்க. பத்து மணி நேரமாச்சும் போட்டீங்களா? இங்க வர்ற எல்லாரும் இருபத்திரெண்டுன்னுதான் சொல்வாங்க, பல்லப் பாத்தா எனக்குத் தெரியாதா?" வெயிட்டிங் ரூம் முழுக்க கேட்டுச்சு. டிவியில பேசிக்கிட்டிருந்த ஆளு சத்தம் கூட கேக்கல. புது டிரே வாங்க வந்த செல்வநாதன் அங்கிள் பேப்பர மடிச்சு மடியில வெச்சிட்டாரு.

அக்காவோட கை திரும்ப வாய்க்குப் போச்சு. விரலுக்கு நடுவுலேர்ந்து சன்னமா வந்துச்சு குரல்: "வலியோட தூங்குனேன், வலியோட டிக்கெட் வித்தேன், கழட்டல. மத்தவங்க பொய் சொன்னா நான் என்ன பண்ணுவேன், தங்கச்சி?"

ஆறு

டாக்டரம்மா அக்காவ உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. "அவங்க டப்பாவ எடுத்துட்டு வா"ன்னு எனக்கு சத்தம் குடுத்தாங்க. ஸ்டோர்ல போயி திறந்தேன். மேலாப்புல ஒரு பாக்கெட், பிரிக்காம கெடக்கு. நம்பர் ஆறு.

டப்பாவுல இருந்த அவங்க கார்டப் பாத்தேன். அக்கா கடைசியா முடிச்சது அஞ்சு. அந்த சனிக்கிழமை நான் குடுத்திருக்க வேண்டியது ஆறும் ஏழும். தே தாரிக் சண்டை சூட்டுல குடுத்தது ஏழும் எட்டும். அலமாக், தொலைஞ்சேன்! ஒரு படி தாண்டி இழுத்ததுல அந்தப் பல்லு வலிக்காம என்ன செய்யும்?

உள்ள டாக்டரம்மா குரல் கேக்குது: "நடுவுல கொஞ்ச நாள் விட்டுட்டீங்க போல, பரவால்ல." என் கையில ஆறு. பாக்கெட்ட குப்பையில போட்டுட்டு கார்டுல ஆறுக்கு நேரா ஒரு டிக் அடிச்சா முடிஞ்சது. யாருக்கும் தெரியாது. டாக்டரம்மா மேசையில லாக் புக் இருக்கறது கதவு இடுக்கு வழியா தெரியுது. சாட்சிக்கு யாரும் இல்ல. அக்கா வாயி மட்டும்தான் சாட்சி, அத நானே வெளிய வெச்சு பொய்யின்னுட்டேன்.

உள்ள போயி பாக்கெட்ட மேசையில வெச்சேன். "டாக்டர், அக்கா ஒழுங்காதான் போட்டாங்க. நான் ஆற குடுக்காம ஏழ குடுத்துட்டேன்." டாக்டரம்மா அக்காகிட்ட மன்னிப்பு கேட்டாங்க. அஞ்ச திரும்ப ஒரு வாரம் போடணும், அதுக்கப்புறம் ஆறு, பல்லு வழிக்கு வந்துடும்னாங்க. என்னையப் பாக்காமலே, "கம்ப்ளெய்ன்ட் எழுதணும்னா ஃபாரம் இருக்கு, எழுதுங்க"ன்னாங்க.

அக்கா என்னையப் பாத்தாங்க. மொத தடவையா கை மடியிலயே இருந்துச்சு. "ஃபாரம் வேணாம், டாக்டர். வெளிய வெச்சு என்னைய எவ்வளவு சத்தமா கேட்டாளோ, அதே சத்தத்துல நான் பொய் சொல்லலன்னு சொல்லச் சொல்லுங்க."

அதே சத்தம்

வெயிட்டிங் ரூம்ல ஏழு பேரு. நடுவுல போயி நின்னேன். சண்டைன்னா தானா வர்ற குரல் இப்ப பாதிதான் வந்துச்சு. "ஜெயந்தி அக்கா பொய் சொல்லல. தப்பு என்னுது"ன்னேன். "கேக்கல"ன்னாங்க அக்கா பின்னாலேர்ந்து. திரும்ப சொன்னேன். இந்தத் தடவ கீழ சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கற மாமாக் அண்ணனுக்கே கேட்டிருக்கும்.

எல்லாரும் தரையப் பாத்தாங்க. செல்வநாதன் அங்கிள் மட்டும் தொண்டையக் கனைச்சாரு: "அப்படியே நான் குடிச்சதும் வெறும் தண்ணிதான்னு சேத்து சொல்லிடும்மா, குரல் நல்லா ஏறியிருக்கு."

கடைசியில லாக் புக்ல கையெழுத்து விழுந்துச்சு. இன்னமும் வர்றவங்க எல்லாரும் இருபத்திரெண்டு மணி நேரம்னுதான் சொல்றாங்க, நானும் திட்டறத நிறுத்தல, ஆனா டப்பாவத் திறந்து நம்பரப் பாத்துட்டுத்தான் வாயத் திறக்கறேன்.