ஈரச்சாக்கு சுற்றிய பெட்டி

இருபத்தொன்பது. அந்த எண் பச்சை நிறத்தில், ரோட்டர்டாமில் எங்கள் அலுவலகக் கூட்ட அறையின் சுவரை அடைத்துக்கொண்டு நின்ற திரையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் என் அத்தை நடத்தும் கோழிப்பண்ணைக்குள் அந்த நேரத்தில் இருபத்தொன்பது டிகிரிதான் வெப்பம் என்று அதற்குப் பொருள். மே மாதம். இங்கே காலை என்றால் அங்கே உச்சிவெயில் கழிந்த நேரம். சேலம் நாமக்கல் சாலையில் வண்டியை நிறுத்தினால் இருக்கையில் உட்கார முடியாது. அந்த வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருபத்தொன்பது டிகிரியா? கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியுமாம். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் நம்பினார்கள். அன்றைக்கு வந்திருந்த முதலீட்டாளர்கள் இருவரும் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்கள்.

எங்கள் நிறுவனம் மிகச் சிறியது. இரண்டு அறைகள், ஒரு காபி இயந்திரம், எப்போதும் அவசரத்தில் இருக்கும் ஏழெட்டுப் பேர். பண்ணைக்குள் ஒரு சிறிய பெட்டியைத் தொங்கவிடுவோம். அது சூட்டை அளந்து, தேவைப்படும்போது தானாகவே மோட்டாரை ஓட்டிக் கூரைமேலும் கூண்டுகள்மேலும் தண்ணீரைத் தூவும். மனிதக் கை படாமல் ஒரு கோடையைக் கடத்திக் காட்டுகிறோம் என்பதுதான் எங்கள் நிறுவனர் வந்தவர்களிடம் சொல்லியிருந்த வாக்கு. அதற்காகவே பண்ணையில் கையால் போடும் சுவிட்சைப் பூட்டி வைத்திருந்தோம். வெள்ளோட்டத்துக்கு வெயில் ஊர் ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டபோது, என் அத்தை பண்ணை இருக்கிறது என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அத்தையிடம் போனில் கேட்டதற்கு, "நீ சொன்னா மாட்டிக்க வேண்டீதுதான் சாமி, இதுக்கென்ன கேள்வி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மாமா போனபிறகு அந்தப் பண்ணையைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவர் அத்தை. என் அப்பாவுக்கு அக்கா, ஆனால் அப்பாவே அவர் முன்னால் குரலை உயர்த்தமாட்டார். தீவனக் கம்பெனிக்காரர்கள் ஏமாற்றப் பார்த்தால் லாரியை மறித்து நிற்பார். அவ்வளவு கறாரானவருக்குச் சூடு ஏறிய எதைக் கண்டாலும் மனசு தாங்காது. கோடையில் பண்ணையின் பக்கவாட்டு வலைகளில் ஈரச்சாக்குத் தொங்கவிடுவது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். அத்தை அதோடு நிற்பவர் இல்லை. மோட்டார் சூடானால் அதன்மேல் ஈரத்துணி, ஸ்கூட்டி சீட்டின்மேல் ஈரச்சாக்கு, போன் கொதித்தால் அதைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் சாய்த்து வைப்பார். எங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வோம்.

அன்று கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது திரையின் மூலையில் இன்னொரு கோட்டைப் பார்த்தேன். கோழிகள் குடிக்கும் தண்ணீரின் அளவைக் காட்டும் கோடு அது. யாரும் கண்டுகொள்ளாத கோடு. அது விடுவிடுவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. பண்ணை வீட்டில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும், கோழி இப்படிக் குடிக்கிறது என்றால் அதற்கு உள்ளே எரிகிறது. வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை விரித்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கும். பெட்டியோ குளுகுளுவென்று இருக்கிறது என்கிறது. அது அப்படிச் சொல்லும்வரை மோட்டார் ஓடாது.

மேசைக்கடியில் அத்தையின் எண்ணை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினேன். எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த நிறுவனரிடம் குனிந்து, பெட்டி தப்பாகச் சொல்கிறது, தண்ணீரைத் திறக்க வேண்டும் என்று கிசுகிசுத்தேன். அவர் சிரித்த முகம் மாறாமல், கூட்டம் முடியட்டும் என்றார். என் வயதுக்காரர், கெட்டவர் இல்லை. அந்த முதலீடு வராவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். கடையைக் கட்டினால் என் விசாவும் போகும். ஊரில் அப்பா எல்லாரிடமும் மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று சொல்லிவைத்திருந்தார்.

என் மடிக்கணினியிலிருந்தே தண்ணீரைத் திறக்க முடியும். ஆனால் திறந்தால் சுவர்த்திரையில் சிவப்பாக ஒரு பட்டை விழும்: மனிதத் தலையீடு. கூட்டம் முடியும்வரை பொறுக்கலாமா என்று யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தக் கோடு இன்னும் ஒரு விரற்கடை ஏறியது. சனியன், நடப்பது நடக்கட்டும் என்று அழுத்திவிட்டேன்.

சிவப்புப் பட்டை விழுந்தது. யார் அழுத்தியது என்று நிறுவனர் கேட்டார். நான் கையை உயர்த்திவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

நடைபாதையில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒருவழியாக அத்தை எடுத்தார். மூச்சிரைத்தது.

"கோழியெல்லாம் என்னாச்சுங்கத்தை?"

"கொஞ்சம் போயிருச்சு சாமி. நானும் ஆளுகளும் ஓஸ் பைப்புல தண்ணி அடிச்சுட்டே இருந்தோம், அடிச்சு மாளுல. நல்லவேள, இப்பத்தான் மேல தண்ணி வந்துச்சு. மத்ததெல்லாம் தெளிஞ்சு நிக்குது."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லைங்க?"

"நீ வேலைல இருப்பே. உன்ற பொட்டிக்குத் தெரியாததா, பாத்துக்கும்னு உட்டுட்டேன்."

"அந்தப் பெட்டி மேல ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?"

"ஆமா, ஈரச்சாக்கு சுத்தியிருக்கறேன். காலைல தொட்டுப் பாத்தா கொதிக்குது. பாவம், நீ குடுத்த பொருளு, வெந்து கிந்து போச்சுன்னா? அப்பப்பத் தண்ணி தெளிச்சுட்டுத்தான் இருக்கறேன். ஏஞ்சாமி, அதுக்கு ஆகாதா?"

சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சாக்கை எடுத்துவிடச் சொன்னேன். சுவிட்சின் பூட்டையும் உடைத்துவிடச் சொன்னேன். "அதெதுக்கு? உன்ற பொட்டி கெட்டி சாமி. கடேசி நேரத்துல தண்ணிய உட்டுருச்சு பாத்தியா!" என்றார் பெருமையாக. ஆமாங்கத்தை, கெட்டிதான் என்றேன்.

வந்தவர்கள் பிறகு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு எதுவும் சொல்லவில்லை. நிறுவனர் என்னிடம் கத்தவில்லை. சில கோழிகள்தானே, கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாமே என்று மட்டும் கேட்டார். அந்த மாதம் முடிவதற்குள் என்னைப் போகச் சொல்லிவிட்டார். இப்போது அதே ஊரில் வேறொரு நிறுவனத்தில் இருக்கிறேன். யாருடைய பண்ணையும் என் கையில் இல்லை, மதியம் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். ஆனால் இடையில் வேலையில்லாமல், விசா முடியும் நாளை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடந்த நாள்களில், முதலில் சொன்னது அத்தையிடம்தான். அப்பாவிடம் சொல்லப் பயம்.

"வேல போயிருச்சா? அடக் கடவுளே. என்ன சாமி தப்பு பண்ணுனே?"

"கூட்டம் நடக்கறப்ப, வேண்டாம்னு சொல்லியும் ஒரு சுவிட்சைப் போட்டுட்டேனுங்க."

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"போட்டா என்ன, உடனே அமத்திப்போட்டு ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தா உட்டிருப்பாங்கல்ல? சோறு போடறவங்ககிட்ட என்னத்துக்கு இந்த ரோசம்? அப்பிடி அமத்த முடியாத சுவிட்சா அது?"

"முடியலீங்கத்தை" என்றேன். அவர் விடாமல் திட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பண்ணை முழுக்கக் கோழிகள் கொக்கரித்த சத்தத்தில் பாதித் திட்டு எனக்குக் கேட்கவில்லை.