பாட்டில்லாத பிரதி

விடத்தல்தீவில் மீளக் குடியேறிய பிறகு தம்பி வாயைத் திறந்து கேட்ட முதல் சாமான் ஒரு கம்பியூட்டர் விளையாட்டு. சண்டையின் கடைசி மாதங்களில் பட்ட ஷெல் துண்டு அவனுடைய இரண்டு கண்களையும் கொண்டுபோயிருந்தது. முகாமிலிருந்து வந்தவன் தகரக் கொட்டிலின் வாசலில் கதிரையைப் போட்டு இருந்தானென்றால் இருந்ததுதான். தேத்தண்ணி வேணுமா என்றால் "ஓம்". சாப்பிடுறியா என்றால் "ஓம்". எதற்கும் மறுத்துப் பேசாத அந்த "ஓம்" எனக்கு எரிச்சலைக் கிளப்பும். ஆனால் அவனோடு யாரும் எரிந்து விழக்கூடாது என்பது வீட்டில் ஒருவரும் சொல்லாமலே வந்துவிட்ட சட்டம்.

ஒரு சனிக்கிழமை நான் மன்னாரிலிருந்து வந்து பையை இறக்கி வைத்ததும் கேட்டான். "அக்கா, அந்த அடிபாட்டு கேம் உன்ரை லப்டொப்பிலை ஓடுமோ?"

எந்த கேம் என்று கேட்கத் தேவையில்லை. சமாதான காலத்தில் மாமா வெளிநாட்டிலிருந்து டிவியில் கொளுவி விளையாடுகிற பெட்டி ஒன்று கொண்டுவந்து தந்தார். அதோடு வந்த ஒரே சீடி அது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று உதைத்துக்கொள்கிற விளையாட்டு. அவன் வெல்வான், நான் கத்துவேன். ஒருமுறை கையிலிருந்த கொன்ட்ரோலரைச் சுவரில் எறிந்து உடைத்தேன். அம்மா குசினியிலிருந்து விளக்குமாற்றோடு வருவாள். "மாடு மாதிரி வளந்துபோட்டு அக்காவோடை என்னடா சேட்டை உனக்கு" என்று அவனுக்குத்தான் முதல் விழும். பெட்டியும் சீடியும் சண்டையில் வீட்டோடு போயின. சண்டை முடிந்து வந்த பிறகு அம்மா அவனை "ராசா" என்று மட்டும்தான் கூப்பிட்டாள். அந்தக் குரலின் மெதுமையை என்னால் சகிக்க முடிவதில்லை.

"ஓடும். ஓட வைக்கிறன்," என்றேன். கண் தெரியாதவன் எப்படி விளையாடுவான் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிறகு பட்ட பாட்டில் பாதி மிச்சமாகியிருக்கும்.

நான் அப்போது மன்னாரில் ஒரு கந்தோரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கிழமை நாட்களில் உப்புக்குளத்தில் ஒரு வாடகை அறை, சனிக்கிழமை பஸ் பிடித்து வீடு. என்னோடு வேலை செய்த பிள்ளையின் வீட்டு அலுமாரியில் அதே விளையாட்டின் சீடி கிடந்தது. கீறல் விழுந்த சீடிதான், ஆனால் உயிரோடு இருந்தது. பழைய பெட்டியைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளை லப்டொப்பில் ஏற்றினேன். அதில் கொளுவ இரண்டு கொன்ட்ரோலர்களும் வாங்கினேன். சீடியிலிருப்பதை ஒரு கோப்பாகப் பிரதி எடுத்து அதற்குக் கொடுத்தால் அது சீடியென்றே நம்பிவிடும். வெள்ளி பின்னேரம் பிரதி எடுத்தேன். ஓடுகிறதா என்று பார்க்கப் பொறுமை இல்லை. அப்படியே மூடிக்கொண்டு காலையில் பஸ் ஏறினேன்.

வீட்டில் இன்னும் கரண்ட் வரவில்லை. லப்டொப்பின் பற்றறியில் இருந்ததுதான் எங்களுக்கு. ஓட்டினேன், ஓடியது. இரண்டு பேர் வந்து நின்றார்கள், ஒருவன் குதித்தான், ஒருவன் விழுந்தான். அடிக்கிற சத்தமும் விழுகிற சத்தமும் கேட்டன. ஆனால் பாட்டு இல்லை. அந்த விளையாட்டென்றால் எனக்கு அந்தப் பாட்டுத்தான். முரசும் கிற்றாரும் சேர்ந்து காதைப் பிய்க்கிற பாட்டு, அம்மா "பேய்ப் பாட்டு" என்று திட்டுகிற பாட்டு. அது இல்லாமல் ஏதோ செத்த வீட்டில் சண்டை பிடிக்கிறமாதிரி இருந்தது.

தம்பி கதிரையின் நுனிக்கு வந்திருந்தான். "தா, பாப்பம்," என்று கையை நீட்டினான்.

"பொறு. பாட்டு வரேல்லை. இது சரியில்லை," என்று மூடிவிட்டேன்.

திங்களன்று காரணம் தெரிந்தது. அந்தச் சீடியின் முதல் தடத்தில் விளையாட்டு இருந்தது. பின்னால் வரும் தடங்களில், சாதாரண பாட்டுச் சீடியில் இருப்பதைப்போலவே, பாட்டுகள் இருந்தன. நான் எடுத்த பிரதி முதல் தடத்தை மட்டும் அள்ளிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டது. முழுச் சீடியையும் எடுக்கவேண்டுமென்றால் சோடியாக இரண்டு கோப்புகள் வேண்டும். பெரியதில் சரக்கு முழுவதும் இருக்கும். கியூ என்கிற சின்னதில் எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்று எழுதியிருக்கும். அப்படியே எடுத்தேன். இந்தமுறை ஓட்டியும் பார்த்தேன். பாட்டு வந்தது. உப்புக்குளத்து அறையில் தனியாக நின்று ஆடினேன்.

வெள்ளிக்கிழமை என் புத்தி சும்மா இருக்கவில்லை. பெரிய கோப்பின் பெயர் முழ நீளத்துக்குக் கிடந்தது. அதை அழித்துவிட்டு "அடிபாடு" என்று அழகாகப் பெயர் வைத்தேன். சனிக்கிழமை வீட்டில் திறந்தால் கறுப்புத் திரை. மூடித் திறந்தாலும் கறுப்பு. லப்டொப்பை நிறுத்தி மறுபடி ஏற்றினாலும் கறுப்பு. பற்றறி இறங்கிக்கொண்டே போனது. எழும்பி வாசலுக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். அம்மா முற்றத்தில் காயப்போட்ட கருவாட்டுக்குக் காகம் துரத்திக்கொண்டே என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"போன கிழமை கொண்டந்தது ஓடினதுதானே," என்றான் தம்பி.

"அது அரைகுறை."

"ஓம்," என்றான். மறுபடியும் அந்த "ஓம்".

அறைக்குத் திரும்பி அந்தச் சின்னக் கோப்பை நோட்பாட் என்கிற மென்பொருளில் திறந்து பார்த்தேன். முதல் வரியிலேயே பெரிய கோப்பின் பழைய பெயர் இருந்தது. அந்தப் பெயரில் இப்போது ஒன்றும் இல்லாததால் எமுலேட்டர் தேடிக் களைத்து நின்றிருக்கிறது. பெயரைத் திருத்தியதும் ஓடியது. ஆனால் கீறல் விழுந்த இடத்தில் ஒரு பாட்டு விக்கி விக்கி நின்றது. யாரோ சொன்னார்களென்று சீடியில் பற்பசை பூசித் தேய்த்தேன். கழுவி, துடைத்து, மறுபடி பிரதி எடுத்தேன். விக்கல் கொஞ்சம் குறைந்தது. மறுபடி தேய்த்தேன். கந்தோரில் கூட்டல் பிழைத்துப் பெரியவரிடம் பேச்சு வாங்கினேன். எனக்கு அது உறைக்கவே இல்லை. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரவேண்டும், அது பாட்டோடுதான் வரும் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

பாட்டு நன்றாகக் கேட்கட்டும் என்று சின்ன ஸ்பீக்கர் சோடி ஒன்றும் வாங்கினேன். வழியில் தள்ளாடி என்ற இடத்துச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஒருவன் என் பையிலிருந்து வயர்களோடு இரண்டு கொன்ட்ரோலர்களையும் தூக்கிப் பிடித்து, "மே மொகத?" என்று, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். "கேம்," என்றேன். அவன் விளையாடுவதுபோல இரண்டு பட்டனை அமத்திப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு திருப்பித் தந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும் என் தம்பியின் வயதுதான் இருக்கும்.

வீட்டில் போட்டேன். பாட்டு கொட்டிலின் தகரம் அதிரக் கிளம்பியது. நான் வெற்றியோடு தம்பியைப் பார்த்தேன். அவன் முகத்தைச் சுழித்துக்கொண்டு கொன்ட்ரோலரை வாங்கினான். விளையாடத் தொடங்கினோம். அவனுடைய ஆள் சுவரைப் பார்த்து உதைத்துக்கொண்டு நின்றான். நான் பின்னால் போய் அடித்தேன், விழுந்தான். அடுத்த ஆட்டத்தில் எனக்கு மனம் வரவில்லை. பட்டன்களிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சும்மா நின்றேன். வெல்லட்டும் என்று.

அவன் கையிலிருந்ததை மடியில் வைத்தான். "விட்டுத் தாறியோ?"

"இல்லையே."

"உன்ரை பட்டன் சத்தம் கேக்கேல்லை. எனக்குப் பிச்சை போடாதை அக்கா." அவன் குரல் உயர்ந்ததை அப்போதுதான் மறுபடி கேட்கிறேன். "முதல் உந்தப் பேய்ப் பாட்டை நிப்பாட்டு. நீ எங்கை நிக்கிறாய் எண்டு ஒண்டுமே கேக்குதில்லை. அண்டைக்குக் கொண்டந்ததைப் போடு."

"அது பாட்டில்லாதது."

"அதைத்தான் போடச் சொல்லுறன். குதிக்கேக்கை உன்ரை ஆள் ஒருக்கால் கத்துறான். உதைக்க முதல் உடுப்பு உரசிற சத்தம் ஒண்டு வருது. அண்டைக்கே கேட்டனான், நீ மூடிப்போட்டாய். ஸ்பீக்கர் ரெண்டையும் என்ரை இந்தப் பக்கம் ஒண்டு, அந்தப் பக்கம் ஒண்டு வை."

அத்தனை சனிக்கிழமையும் கதிரையில் இருந்து அவன் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். நானோ பாட்டுக்குப் பற்பசை தேய்த்துக்கொண்டிருந்தேன். நல்லகாலம், எதையும் துப்புரவாக அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்த அரைகுறைப் பிரதி அப்படியே கிடந்தது. போட்டேன். ஸ்பீக்கர்களை அவன் தோளுக்கு இரண்டு பக்கமும் வைத்தேன்.

முதல் ஆட்டம் நான் வென்றேன். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவதில் நான் குதித்தேன், இறங்கிய இடத்தில் அவன் கால் காத்திருந்தது. எழும்பினேன், மறுபடி விழுந்தேன். அடுத்ததிலும் அதே கதைதான். இப்போது நான் விட்டுத் தரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாப் பட்டனையும் அமத்தினேன். மூலையில் மாட்டி வைத்து அடித்தான். பழைய சூடு எனக்கு உச்சிக்கு ஏறியது.

"கள்ளா," என்று கத்தினேன். "மூலைக்குள்ளை வைச்சு அடிக்கிறதே விளையாட்டு? உனக்கு வெக்கமில்லையோ?"

கத்திய பிறகுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டேன். அவன் கதிரையில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். காலை நீட்டி எட்டி, என் முழங்காலில் ஒரு உதை விட்டான். நான் திருப்பி உதைத்தேன். ஸ்பீக்கர் ஒன்று தட்டுப்பட்டு விழுந்தது.

வெளியில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அம்மா கையில் தடியோடு வாசலில் வந்து நின்றாள்.

"மாடு மாதிரி வளந்துபோட்டு," என்றாள், தம்பியைப் பார்த்து, "அக்காவோடை என்னடா சேட்டை உனக்கு?"