எட்டாவது ஆவர்த்தம்

அஞ்சலோவுக்கு மாதா கோயிலிலும் கடற்கரை ஹோட்டலிலும் கீபோர்ட் வாசிப்பதுதான் பிழைப்பு. ஹோட்டலில் யார் எதைக் கேட்டாலும் கடைசியில் ஒரே ஜாஸ் பாட்டில்தான் வந்து நிற்பார். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தில் விட்டுப்போன இசைத்தட்டைக் கேட்டு அப்பா பழகிய பாட்டு அது. எட்டெட்டு ஆவர்த்தமாக நான்கு பகுதி. முதல் இரண்டும் கடைசியும் ஒரே மெட்டு. மூன்றாவது மட்டும் வேறு சுருதிக்குத் தாவி, எங்கெங்கோ அலைந்து, எட்டாவது ஆவர்த்தத்தில் வீட்டுக்கு வழி பிடிக்கும். அந்த இடத்தில் தட்டில் கீறல். ஊசி துள்ளி எட்டாவதைத் தாண்டிவிடும். அப்பாவோ அதுதான் பாட்டென்று நம்பி, ஏழோடு முடித்து, இரண்டு மகன்களுக்கும் அப்படியே படிப்பித்துவிட்டார். உலகத்தில் வேறெவரும் விடாத பிழை!

அதன் பதிவுகளை ஃபோனில் தேடிக் கேட்பது அஞ்சலோவுக்கு ஒரு பைத்தியம். நாற்பதுகளில் பெரிய பேண்டோடு வேகமாக, ஐம்பதுகளில் பெண் குரலில் மெதுவாக, பிறகு பியானோ தனியாக. கோர்டுகளை மாற்றியவர்கள் உண்டு. எட்டை ஏழாக்கியவர் ஒருவரும் இல்லை.

அண்ணன் மைக்கல் ட்ரம்பெட் வாசித்தவர். தொண்ணூறாம் ஆண்டு சண்டைக் காலத்தில், பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் ஒரு கலியாணத்துக்கு வாசிக்கப் போனவர் திரும்பவேயில்லை. நவம்பரில் இறந்தோர் பூசையில் பங்குச் சாமி செத்தவர்களின் பெயர்களை வாசிப்பார். செத்ததை யாரும் காணவில்லை என்று, மைக்கலின் பெயரைக் கொடுக்க அஞ்சலோ ஒருநாளும் சம்மதித்ததில்லை.

"இந்த முறையாவது குடுங்கோப்பா. அந்த மனிசனுக்கு ஒரு பூசையாவது கிடைக்கட்டும்," என்று மனைவி திரேசம்மா அழுதாள். மனமில்லாமல் கொடுத்தார்.

பூசைக்குப் புறப்படும்போது ஃபோன் புதிதாக ஒரு பதிவைக் காட்டியது. வாசித்தவர் பெயரில்லை. ட்ரம்பெட் மட்டும். மூன்றாவது பகுதி வந்தது. ஏழாவது ஆவர்த்தத்தோடு ட்ரம்பெட் நின்றது.

அண்ணனோடு சேர்ந்து வாசிக்கும்போது அந்த இடத்தில் அஞ்சலோ எப்போதும் பிந்துவார். தம்பி வரட்டும் என்று மைக்கல் நின்று கொடுப்பார். அவசரமாகக் கீபோர்டில் கோர்டை அழுத்தினார். ட்ரம்பெட் உடனே கடைசிப் பகுதியை எடுத்தது.

தற்செயல்தான் என்று தேற்றிக்கொண்டு மறுபடி போட்டார். இம்முறை ட்ரம்பெட் நின்ற இடத்தில் கையைக் கீபோர்டில் இறக்கவில்லை. ஃபோனில் வினாடிகள் பதிவின் நீளத்தையும் தாண்டி ஓடின. யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

கோயில் மணி அடித்தது.

"வாங்கோப்பா, பேர் வாசிக்கப் போகினம்," என்றாள் திரேசம்மா வாசலில் நின்று.

"நீ போ. மைக்கலின்ர பேரை வாசிக்க வேண்டாமெண்டு சாமியிட்டச் சொல்லு."

"ஏன், என்ன நடந்தது?"

"அண்ணன் எனக்காக நிக்கிறார்," என்றார் அஞ்சலோ. தூக்கிய கை கீபோர்டுக்கு மேலேயே நின்றது. இறக்கினால் பாட்டு முடிந்துவிடும்; அவருக்கு மனம் வரவில்லை.