டீசல் துணி

எங்கள் டிராக்டரின் கலர் போனதற்கு வெயில்தான் காரணம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. வெயிலா வந்து வண்டியை வாசலில் நிறுத்தியது? என் வீட்டுக்காரர்தான் நிறுத்தினார்.

வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மாடுகளை விற்ற பிறகு பின்பக்கத்துக் கொட்டகை காலியாகத்தான் கிடந்தது. நல்ல நிழல். ஆனால் எங்கள் பக்கத்தில் டிராக்டர் வாங்கியவர் யாரும் அதை உள்ளே விடமாட்டார்கள். ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படும்படி வாசலில் நிற்கவேண்டும், அப்போதுதான் வீட்டுக்கு மதிப்பாம். வெள்ளிக்கிழமை தவறாமல் டீசலில் துணியை நனைத்து வண்டி முழுக்கத் துடைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டவேண்டும். துடைத்தவுடன் புது வண்டி மாதிரி மின்னும். சாயங்காலத்துக்குள் அந்தப் பிசுக்கில் ஊர்ப் புழுதியெல்லாம் அப்பிக்கொள்ளும்.

அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது, "வெள்ளிக்கெழம டீசல் போட்டுத் தொடைக்க மறந்துடாத. வண்டி வாசல்லயே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான்கு வருஷம் அப்படியே செய்தேன். வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டேன். எந்த நிலங்களில் கூலிக்குக் களை எடுத்தேனோ, அதே நிலங்களை இப்போது நான் உழுதேன். நிலத்துக்காரர்களே போன் செய்து, "உழவுக்கு எப்ப வரீங்க?" என்று கேட்டார்கள்.

போன தடவை லீவில் வந்தவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னா இது, பழைய செங்கல்லு மாரி வெளுத்துக் கெடக்குது? வண்டிய வச்சிக்கத் தெர்ல உனக்கு. வித்துடலாம். அடுத்த வாரம் ஆள இட்டுக்கினு வரேன்."

விற்றால் நான் மறுபடியும் களைக்கொத்தைத் தூக்கவேண்டியதுதான். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் சொன்னதைத்தானே செய்தேன்! ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்த என்மேலும் ஆத்திரம் வந்தது. அடுப்பில் சோறு அடிப்பிடித்த வாடை மூக்கில் ஏறவே இல்லை.

மறுநாள் அவர் ஆள் தேடி வெளியூர் கிளம்பியதும், கள்ளக்குறிச்சியில் ஒரு பெயிண்ட் கடைக்குப் போய் போனில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"டீசல் போட்டுத் தொடச்சீங்களா? அதாம்மா பெயிண்ட்டக் கெடுத்துச்சு. மிச்சத்த வெயில் பாத்துக்கிச்சு. ஷாம்பு போட்டுக் கழுவுங்க. காஞ்சப்புறம் ரப்பிங் காம்பவுண்டுன்னு ஒரு பசை இருக்குது, கொஞ்சமா எடுத்துத் தேய்ங்க. துணில செவப்பு ஒட்டிச்சின்னா அடியில பெயிண்ட் நல்லா இருக்குதுன்னு அர்த்தம். கடைசியா வேக்ஸ் போட்டு நெழல்ல வுடுங்க."

வண்டியைக் கொட்டகைக்குள் விட்டேன். மட்கார்டின் ஓரத்தில் ஒரு உள்ளங்கை அளவு தேய்த்துப் பார்த்தேன். துணியில் சிவப்பு ஒட்டியது. தேய்த்த இடம் பளிச்சென்று தெரிந்தது. ஆறு நாள் தேய்த்தேன். மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே தேய்த்ததால் கைவலி தெரியவில்லை.

ஏழாம் நாள் அவர் திருக்கோவிலூரிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் கொட்டகையில் எட்டிப் பார்த்து, "இன்னாங்க, கலர் போச்சுன்னீங்க, தகதகன்னு நிக்குதே?" என்றார்.

என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். "நம்ம வண்டி எப்பவும் அப்டித்தாங்க. நல்லா வச்சிக்கினு இருக்கோம்." பிறகு என் பக்கம் குனிந்து, "வாசலுக்கு எடுத்துக்கினு வா. வெளிச்சத்துல பாத்தா வெல இன்னும் ஏறும்" என்றார்.

வண்டியைக் காப்பாற்றத் தேய்த்தேன். அது அவருக்கு விலை ஏற்றத்தான் உதவியது! ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். வாசலுக்கு வந்தேன், நிறுத்தவில்லை. நேராக ரோட்டில் ஏற்றினேன்.

"ஏய், எங்க போற?" என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

"உழவுக்கு. கலர் போனா என் தப்பு, கலர் வந்தா உங்க வண்டியா? விக்கலன்னு அவருகிட்ட நீங்களே சொல்லி அனுப்புங்க."

மரவள்ளி நிலம் ஒன்றை உழுது முடித்துவிட்டு சாயங்காலம் திரும்பினேன். அவர் மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டி வண்டியைக் கொட்டகையில் விட்டேன். பின்னாலேயே வந்து, குரலை இறக்கி, "ரொம்பப் புழுதியா இருக்குது. தொடைக்கட்டுமா?" என்றார்.

கையில் டீசல் துணி. பிடுங்கிக்கொண்டு போய் அடுப்பில் போட்டேன்.