வைரத்தைப் பாழாக்கும் உத்தியோகம்

இந்த ஜெர்மானிய நகரத்தில் மதியமானால் எதிரே வருகிறவரெல்லாம் "மால்ட்சைட்" என்கிறார்கள். சாப்பாட்டு வேளை என்று அர்த்தம். நான் சாப்பிட்டேனா என்ற கவலை ஒருவருக்கும் கிடையாது. வேளை வந்துவிட்டதை அறிவித்துவிட்டுப் போய்விடுவார்கள். வந்த புதிதில் நான் நின்று, "இன்னும் இல்லை, நீங்கள்?" என்று விசாரிப்பேன். அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

வேலை ஒரு துகள் முடுக்கி ஆய்வகத்தில். முடியைவிட மெல்லிய வைரப் படிகத்தின் மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சுவோம். படிகத்தின் அணுக்கள் வரிசை தவறாமல் நிற்பதால், ஒரே திசையில் அதிரும் ஒளி அதிலிருந்து கிடைக்கும். சோதனைக்கு வேண்டியது அந்த ஒளிதான். கற்றை விழும் பொட்டு சிறிதாக இருந்தால் ஒளி தரமாக இருக்கும். ஆனால் அடி முழுவதும் ஓரிடத்தில் விழுந்து, அணு வரிசை குலைந்து, வைரம் வீணாகும். பொட்டைப் பெரிதாக்கினால் வைரம் பிழைக்கும், ஒளியின் தரம் குறையும். இரண்டுக்கும் நடுவில் பஞ்சாயத்து பண்ணுவது என் உத்தியோகம். எங்கள் ஊர் கூடலூரில் அம்மா இதை, "மக வைரத்துல வேலை பாக்குது" என்று சுருக்கிவிட்டார். உடனே அத்தை போனில் வந்தார்.

"ஏத்தா, தங்கச்சி கல்யாணத்துக்கு வரும்போது மூக்குத்திக்கு ஒரு கல்லு கொண்டாந்துரு."

"அது நகைக்கல்லு இல்ல அத்தை. மிசின்ல செஞ்சது. வேலை முடியுறதுக்குள்ள நாங்களே அதைப் பாழாக்கிருவோம்."

"வைரத்தைப் பாழாக்கவா உன்னைய அம்புட்டுத் தூரம் கூப்பிட்டாக?"

கல்லும் போகவில்லை, நானும் போகவில்லை. கல்யாணம் நடந்த மாதத்தில்தான் எங்கள் குழுவுக்குக் கற்றையைப் பயன்படுத்த நேரம் ஒதுக்கியிருந்தார்கள். "படிகத்தைச் சரியாகத் திருப்பி வைக்க உன்னைவிட்டால் ஆளில்லை" என்றார் குழுத் தலைவர் ஊவே. நான் இல்லாமல் நடக்காது என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதுமே, குளிர்ந்துபோய் டிக்கெட்டை ரத்து செய்தேன்.

நான் இல்லாமல் நடக்காத இடத்தில் என் பேச்சு மட்டும் எடுபடவில்லை. பொட்டை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சுருக்கச் சொன்னார் ஊவே. "எங்கள் திராட்சைத் தோட்டத்தில் ஹோஸ் வாயை விரலால் நெருக்கினால் தண்ணீர் ஒரே இடத்தில் குழி பறிக்கும். இங்கேயும் அதுதான் நடக்கும்" என்றேன். ஊவேயின் முகம் மலர்ந்தது. "திராட்சையா! உங்கள் ஊரில் வைன் தயாரிப்பார்களா?" பொட்டு சுருங்கியது. முதல் வாரம் ஒளி அருமையாக வந்தது. ஊவே எல்லோருக்கும் கேக் கொண்டுவந்தார். அதன்பிறகு தரம் இறங்கத் தொடங்கியது. மாற்றுப் படிகம் இன்னும் வந்து சேரவில்லை.

முகூர்த்த நேரம் எனக்கு அதிகாலை ஷிப்ட். தாலி கட்டுவதைப் பார்க்கக் கைபேசியை நிமிர்த்தி வைத்தேன். அந்நேரம் பார்த்து, ஒளியின் தரத்தைக் காட்டும் ஆய்வகத் திரையில் கோடு சரிந்தது. படிகத்தை நகர்த்தி, அடிபடாத மூலையைக் கற்றைக்கு நேரே கொண்டுவந்துவிட்டுத் திரும்பினால், தங்கச்சி கழுத்தில் தாலி ஏறியிருந்தது. அட்சதை விழுந்துகொண்டிருந்தது. அழுதுவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் நான் படிகத்துக்காக அழுவதாக எண்ணி, "கவலைப்படாதே, வேறொன்று வாங்கிவிடலாம்" என்று தேற்றினார்.

இரண்டொரு நாளில் அந்த மூலையும் போய், சோதனையே நின்றது. கூட்டத்தில் ஊவே, "பொட்டை இன்னும் விரித்திருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டோம்" என்றார். கற்றுக்கொண்டோமாம். வெளியே வந்ததும் என்னிடம் பரிவோடு சொன்னார்: "இப்போது விடுமுறை எடுத்துக்கொள். வீட்டில் ஏதோ விழா என்றாயே?"

கூடலூருக்குப் போனேன். தேவதானப்பட்டியில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி, ஆல்பத்தோடு என்னைப் பார்க்க வந்திருந்தாள். "அக்கா, நீயில்லாத போட்டோவை மாட்ட மனசு வரல. ஸ்டுடியோல சொல்லி உன்னையச் சேத்துட்டோம். இங்கன பாரு."

அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் நான். தலை என்னுடையது, ஆய்வக வாசலில் பனியில் நின்று எடுத்து அனுப்பிய படத்திலிருந்து வெட்டியது. கழுத்துக்குக் கீழே யாருடைய உடம்போ, அரக்குப் பட்டுச் சேலையில். மண்டபத்து வெளிச்சத்தில், எல்லோர் தலையிலும் மல்லிகைப்பூ இருக்க, நான் மட்டும் காதை மூடிய கம்பளித் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருக்கிறேன்.